மேட்டு லயத்து ஆழ்கடல்

ஆழ்கடலின் அடியில் சுரங்கம் தோண்ட வேண்டுமானால் அங்கே மின்சாரம் வேண்டும். இந்த உண்மை அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது. மலேசியாவின் கேமரன் மலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் மேட்டு லயத்தில், ருக்குமணி மாவு ஆட்ட வேண்டுமானாலும் மின்சாரம் வேண்டும். இந்த உண்மை ருக்குமணிக்கு மட்டும் தெரிந்திருந்தது.

எங்கள் லயத்துக்குக் கரண்டு தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஒரு பழைய வயரில் வரும். தொழிற்சாலையில் இலை வாட்டும் காற்றாடிகளை ஓடவிட்டால் லயத்துப் பல்புகள் சிவந்து, சுருங்கி, அணைந்துவிடும். காற்றாடி ஓடுவது சாயங்காலத்திலிருந்து விடியும்வரை. கொழுந்து பறித்துவிட்டு வந்து ருக்குமணி கிரைண்டர் போடுவதும் அதே நேரம்தான். கியா பார்மில் சாலையோரம் பலகாரக் கடை வைத்திருக்கும் அன்பரசிக்கு அவள் தினமும் தோசை மாவும் வடை மாவும் கொடுக்க வேண்டும். ருக்குமணி புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறவள். கொழுந்துச் சம்பளம் அடுப்படிக்கே சரியாய்ப் போகும். பிள்ளைகளின் படிப்பு அந்த மாவில்தான் ஓடியது. உளுந்து பாதி அரைந்து கிரைண்டர் நின்றுபோகும் நாட்களில் அன்பரசி ஃபோனில் சண்டை போட மாட்டாள். "ஸ்கூல் லீவு வருதுக்கா. கூட்டம் வர்ற நேரத்துல இப்படி ஆச்சுன்னா நான் கம்போங் ராஜா டவுன்ல எடுத்துக்குவேன்" என்று மட்டும் சொல்வாள்.

இந்த நிலையில்தான் ஆழ்கடல் கனிம மின்னாற்றல் மேம்பாட்டு வாரியம் வரலாற்றுச் சிறப்புமிக்க ஒரு முடிவை எடுத்தது. போன வருஷம்வரை அது பசுமை ஏதோ வாரியம். நாட்டில் பசுமை மோகம் தணிந்து நீல மோகம் வந்ததும் வாரியமும் பெயரை மாற்றிக்கொண்டது. அதிகாரிகளின் பச்சை மேலங்கிகளை நீலச் சாயத்தில் முக்கி எடுத்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் அக்குள் பக்கம் இன்னும் பச்சை தெரியும்.

கடலடியில் கனிமம் தோண்டும் இயந்திரத்துக்கு ஏற்ற மின்கலத்தைச் சோதித்துப் பார்ப்பது வாரியத்தின் கடமை. கடலில் சோதிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. இயக்குநருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. லங்காவிக்குப் படகில் போனபோது கரை கண்ணிலிருந்து மறைவதற்குள் இரண்டு பிளாஸ்டிக் பைகளை நிரப்பியவர் அவர். ஆகவே ஆழ்கடலுக்கு நிகரான சூழலும் நல்ல ஹோட்டல் வசதியும் ஒருங்கே அமைந்த நிலப்பகுதி தேடப்பட்டது. ஆழ்கடல் குளிரானது, கேமரனும் குளிரானது. ஆழ்கடல் இருட்டானது; மேட்டு லயமும் பொழுது சாய்ந்தால் இருட்டானது. ஆழ்கடலில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று எந்த இலாகாவுக்கும் சரியாகத் தெரியாது. மேட்டு லயமும் அப்படியே. நிபுணர் குழு ஒருமனதாக எங்களைத் தேர்ந்தெடுத்தது.

ஒரு நாள் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்குப் போகுமுன் பெயர் கூப்பிடுகிற இடத்தில், வாரியத்தின் துணை இயக்குநர் குகனேஸ்வரன் நீல மேலங்கியோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கிரேன் வைத்த லோரி. லோரிமேல் மஞ்சள் பெயின்ட் அடித்த பெரிய இரும்புப் பெட்டி.

"அன்பார்ந்த தோட்ட மக்களே, கடலடியில் கனிமக் கட்டிகள் உருளைக்கிழங்கு மாதிரி கொட்டிக் கிடக்கின்றன. அவற்றை அள்ளும் இயந்திரத்துக்குக் கப்பலிலிருந்து கேபிள் வழியாக மின்சாரம் அனுப்புகிறார்கள். கேபிள் அறுந்தால் வேலை நின்றுபோகும். ஆகவே மின்சாரத்தையே ஒரு பெட்டியில் அடைத்து அடியில் இறக்கப் போகிறோம். இந்தப் பெட்டி முழுக்க எண்ணெய், எண்ணெய்க்குள் பேட்டரி. எவ்வளவு ஆழத்துக்குப் போனாலும் நசுங்காது" என்று அவர் உரையாற்றினார்.

ருக்குமணி கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள். "சார், அதுக்குள்ள கரண்டு இருக்கா?"

"நெறைய இருக்கும்மா."

"ஒரு வயர் இழுத்து எங்க லயத்துக்குக் குடுங்களேன்."

"அது முடியாதும்மா. இது ஆழ்கடல் மின்சாரம். வீட்டு உபயோகத்துக்கு அனுமதி இல்ல."

பெட்டியை இறக்கியதும் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி முருகையா குறுக்கே வந்து நின்றார். எங்கள் தோட்டத்தில் முனியாண்டிக்குப் பூசை போடாமல் எந்த மிஷினும் ஓடியது கிடையாது. டிராக்டர், மருந்தடிக்கிற பம்பு, மேனேஜர் பங்களாவில் புல் வெட்டுகிற மிஷின், எல்லாமே எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் புறப்படும். இந்தப் பெட்டிக்குச் சக்கரம் இல்லாததால் நான்கு மூலையிலும் பழத்தை வைத்து, கிரேனால் தூக்கித் தூக்கி வைத்து நசுக்கினோம். பூசணிக்காய் உடைத்தோம், சுருட்டு கொளுத்தி வைத்தோம். குகனேஸ்வரன் எல்லாவற்றையும் படம் பிடித்து, 'உள்ளூர்க் கடல்சார் பாதுகாப்பு நடைமுறை நிறைவேற்றப்பட்டது' என்று மேலிடத்துக்கு அனுப்பினார்.

பிறகு ஆழ்கடலை உண்டாக்கும் பணி தொடங்கியது. அழுத்தத்துக்காகப் பெட்டியின்மேல் உர மூட்டைகளை அடுக்கினார்கள். உப்புத் தன்மைக்காகக் காலையும் மாலையும் உப்புத் தண்ணீர் தெளித்தார்கள். மற்றத் தண்ணீரைக் கேமரன் வானமே பார்த்துக்கொண்டது. பேட்டரிக்கு மின்சாரம் ஏற்ற ஒரு கப்பல் வேண்டுமே. கோலா தெர்லாவிலிருந்து சுப்பனின் காய்கறி லோரியை வாடகைக்கு எடுத்து, அதில் ஒரு டீசல் ஜெனரேட்டரை ஏற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். லோரியின் பெயர் தாய்க்கப்பல். சுப்பனின் பெயர் கப்டன். கப்டன் கைலியோடு வரக்கூடாது என்று ஓர் உத்தரவும் போட்டார்கள்.

ருக்குமணி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சார், லோரியில இருக்கிற ஜெனரேட்டர அப்படியே எங்க லயத்துல மாட்டினா கரண்டு வருமா வராதா?"

"வரும். ஆனா அது ஆராய்ச்சி ஆகாதும்மா" என்றார் குகனேஸ்வரன் பொறுமையாக.

எல்லாம் தயார். தோண்டும் இயந்திரம் மட்டும் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த அது துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. சங்கிலிச் சக்கரம் இருப்பதால் அது வாகனம், வாகனமென்றால் சாலை வரி கட்டியிருக்க வேண்டும் என்றார்கள். கடலடியில் ஓடும் வண்டிக்கு எந்தச் சாலைக்கு வரி என்று வாரியம் கேட்டது. அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள் என்று பதில் வந்தது.

சோதனைக் காலமோ ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரம் இல்லாவிட்டாலும் மின்சாரம் செலவாகியே தீர வேண்டும். குகனேஸ்வரன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் ருக்குமணி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, ஒங்க கிரைண்டர் எவ்ளோ கரண்டு இழுக்கும்?"

அன்று மாலையே மேட்டு லயம் கடலடிச் சுரங்க இயந்திரமாக நியமிக்கப்பட்டது. பெட்டியிலிருந்து வீட்டுக்கு வீடு வயர் இழுத்தார்கள். முதல் வீட்டு ரைஸ் குக்கர் இயந்திரத்தின் கை. இரண்டாம் வீட்டு அயர்ன் பெட்டி கால். மூன்றாம் வீட்டில் முடி காயவைக்கிற மிஷின் இருந்தது. அது உறிஞ்சு குழாய். ருக்குமணியின் கிரைண்டர் சுழல் வெட்டுச் சக்கரம். கிராணி முருகையா மணி அடித்து, வரிசைப்படி பெயர் கூப்பிட, வீட்டுக்கு வீடு சுவிட்சைப் போட்டார்கள். 'இயந்திரம் இன்று சீராக முன்னேறியது' என்று குகனேஸ்வரன் குறித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் சோறு வெந்தது.

அந்த மாதம் ருக்குமணி எங்களுக்குத் தெரியாத ஒரு ருக்குமணியாக இருந்தாள். நேரத்துக்கு மாவு போனது. அன்பரசி இட்லி மாவும் சேர்த்துக் கேட்டாள். காலையில் ருக்குமணி பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பெரட்டுக்கு வந்ததைப் பார்த்து எங்களுக்கும் மனசு நிறைந்தது.

கெடுத்தது கிராணி முருகையா. அவர் மேல் தப்பில்லை, அவர் தொழில் அப்படி. வாரியத்தின் தினசரி அறிக்கையில் 'மேலே எடுத்த கனிமக் கூழின் எடை' என்று ஒரு கட்டம் இருந்தது. கடலடியில் அரைத்த கனிமத்தைக் கூழாகத்தான் குழாயில் ஏற்றுவார்களாம். குகனேஸ்வரன் அதைக் காலியாக விட்டுக்கொண்டு வந்தார். காலம் முழுக்கக் கொழுந்து எடைபோட்ட கிராணியால் எடைக் கட்டம் காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"தராசு கையில இருக்கு, வெறுங்கட்டமா அனுப்புறதா? மரியாத கெட்டுப் போயிரும் சார்" என்றார். ருக்குமணியின் மாவு வாளியைத் தூக்கித் தராசில் வைத்தார். வாளிக்குக் கொஞ்சம் கழித்தார். ஈரக் கொழுந்துக்குத் தண்ணீர் கழிப்பது தோட்டத்து வழக்கமாயிற்றே, அதனால் மாவுக்கும் தண்ணீர் கழித்தார். மீதியை எழுதினார். நாடு தன் முதல் கனிமக் கூழை அடைந்தது.

மேலிடம் துள்ளிக் குதித்தது. தோண்டும் இயந்திரமே இல்லாமல் எப்படிக் கூழ் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை; கேட்டால் கூழ் நின்றுவிடுமோ என்று பயந்திருக்கலாம். மாதிரி கேட்டார்கள். கிராணி ஒரு ஃபிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தார். அது மலையிறங்கி அரசாங்கத் தலைமையிடமான புத்ராஜெயா போய்ச் சேர்வதற்குள் நன்றாகப் புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் நிபுணர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கூழில் உயிர் இருந்தது. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். அதுவரை எந்தக் கடலடிக் கனிமத்திலும் காணாத அதிசயம்.

அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் நேரில் வந்தார். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, உருமி மேளத்தோடு அவரை ஆழ்கடலுக்குள் அழைத்து வந்தோம். ருக்குமணி சுட்ட தோசையை நான்கைந்து சாப்பிட்டுவிட்டு, எழுந்து நின்று பேசினார். "அரிய உயிரினங்கள் வாழும் இந்த மேட்டு லயத்தைப் பாதுகாக்கப்பட்ட ஆழ்கடல் பகுதியாக அறிவிக்கிறேன்."

நாங்கள் கை தட்டினோம். யாரோ சொன்னதற்கெல்லாம் கை தட்டிப் பழகிய கைகள். மறுநாள் குகனேஸ்வரன் ருக்குமணி வீட்டுக்கு வந்து, முகத்தைப் பார்க்காமல் விஷயத்தைச் சொன்னார். பாதுகாக்கப்பட்ட உயிரினங்களை அரைப்பது குற்றம். கிரைண்டரை நிறுத்த வேண்டும்.

"சார், அது உளுந்து" என்றாள் ருக்குமணி.

"தெரியும்க்கா. நானே தெனம் சாப்ட்டுட்டுத்தானே போறேன்."

"அப்பறம் என்னா? உளுந்துன்னு சொல்லிட வேண்டியதுதானே."

"அறிக்கை மேல போயிருச்சுக்கா. மேல போனது பொய்னு சொன்னா மேல உள்ளவங்க எல்லாம் எறங்கணும். அவங்க எறங்க மாட்டாங்க, என்னத்தான் எறக்குவாங்க."

"எம்புள்ளைங்க படிப்பு சார்."

"எனக்கும் புள்ளைங்க இருக்குக்கா" என்றார் அவர். அது உண்மைதான்.

ருக்குமணி அடுத்ததாக அர்ஜுனனிடம் போனாள். அர்ஜுனன் எங்கள் டிராக்டர் டிரைவர். கோயில் கமிட்டித் தலைவர் தேர்தலில் நின்று நின்று தோற்றவர். மேட்டு லயம் கடலானதும் அவர் வாழ்க்கையில் விடிவு பிறந்தது. மேட்டு லய ஆழ்கடல் வாழ் மக்கள் முன்னேற்ற இயக்கத்தை ஆரம்பித்து, எதிர்க்க ஆள் சேருமுன் தலைவரானார். செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர், மகளிர் அணி, எல்லா வீட்டுக்கும் ஒரு பதவி வந்தது. நீல டி-சட்டை அடித்தோம். நெஞ்சில் ஆக்டோபஸ் படம். துவைத்ததும் கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. கீழே ஐந்தாம் லயத்துக்காரர்களைக் 'கரைக்காரங்க' என்று கூப்பிட ஆரம்பித்தோம். கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வந்த ஒரு கரைக்காரரை, யோசித்துச் சொல்கிறோம் என்று திருப்பியும் அனுப்பினோம்.

"அர்ஜுனண்ணே, நீங்க தலைவரு. அது உளுந்து மாவுதான்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே."

அர்ஜுனன் கண்ணை மூடித் திறந்தார். "ருக்கு, நீ தனி ஆளா யோசிக்கிற. நான் கடல யோசிக்கணும்லா."

ஒரு நாள் மாவு போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அன்பரசி பள்ளி விடுமுறை ஆரம்பிக்கும்வரை தவணை கொடுத்தாள். ருக்குமணி அழுதுகொண்டு உட்காருகிற ஆள் இல்லை. பஸ் ஏறி மின்சார இலாகாவின் கவுண்டருக்குப் போனாள். திரும்பவும் போனாள். அங்கே இருந்த அத்தனை பேரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் போனாள். கடைசியில், இவள் தொல்லை தாங்காமலோ இரக்கப்பட்டோ, விக்னேஸ்வரி என்ற இளம் இன்ஜினியர் ஒரு லோரி நிறைய மின்கம்பங்களோடு எங்கள் லயத்துக்கே வந்துவிட்டார். தோட்டத்து வயர் வேண்டாம், பேட்டரி வேண்டாம், வீட்டுக்கு வீடு சொந்த மீட்டர், இருபத்து நான்கு மணி நேரமும் கரண்டு. எங்கள் லயம் கட்டின நாளிலிருந்து வராதது வாசலில் வந்து நின்றது.

"ஒரே ஒரு விஷயம்தான்" என்றார் விக்னேஸ்வரி. "ரெக்கார்டுல இது கடல்னு இருக்கு. கடல்ல கம்பம் நட எங்களுக்கு அதிகாரம் இல்ல. இது நெலம்தான்னு யாராச்சும் ஒரு கையெழுத்து போடுங்க, போதும்."

கிராணி முருகையா குனிந்து தரையைப் பார்த்தார். அது நிலமாகத்தான் இருந்தது. ஆனால் கடல் என்ற வகையில் வாரியம் தோட்டத்துக்கு வாடகை கொடுக்கிறது; மேனேஜர் துரையைக் கேட்க வேண்டும் என்றார். குகனேஸ்வரன் தாம் நிலத்தைப் பற்றிச் சொல்லத் தகுதியற்றவர் என்றார். எல்லோரும் அர்ஜுனனைப் பார்த்தார்கள். அர்ஜுனன் அவசரப் பொதுக்கூட்டம் கூட்டினார்.

ருக்குமணிதான் முதலில் பேசினாள். "நெலம்னு சொன்னா லைட்டு வரும், ஃபிரிட்ஜ் ஓடும், நான் மாவாட்டுவேன். வேறென்ன வேணும்? எல்லாரும் தரையிலதானே நிக்கிறோம்."

அர்ஜுனன் எழுந்தார். "நாம காலங்காலமா நெலமாத்தான் இருந்தோம். யாராச்சும் வந்து எட்டிப் பார்த்தாங்களா? கடலானப்பறம்தான் டத்தோ வந்தாரு, டிவிக்காரங்க வந்தாங்க. இப்ப நெலம்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு நாம யாரு? வெறும் தோட்டத்து ஆளுங்க. கரண்டு இன்னிக்குப் போகும், நாளைக்கு வரும். மரியாத போனா வருமா?"

அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை என்பதுதான் எங்களைச் சாய்த்தது. மறு பாதியைப் பற்றி யோசிக்க எங்களுக்கு நேரமில்லை; கை தூக்கச் சொல்லிவிட்டார். நிலத்துக்கு ருக்குமணியின் கை ஒன்றுதான் எழுந்தது. கடலுக்கு லயமே எழுந்தது. விக்னேஸ்வரி கையெழுத்துத் தாளை மடித்துப் பையில் வைத்தார். கொண்டு வந்த கம்பங்களைத் திருப்பி எடுத்துப் போவது விதிக்குப் புறம்பு என்பதால் ஐந்தாம் லயத்தில் நட்டுவிட்டுப் போனார். அங்கே நிலம் என்று எழுதிக் கொடுக்க அடிதடி நடந்தது.

அதற்கடுத்த மாதம் நாட்டில் நீல மோகம் தணிந்து விண்வெளி மோகம் வந்தது. வாரியம் மறுபடி பெயரை மாற்றி, மேலங்கிகளுக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்தது. குகனேஸ்வரன் செவ்வாய்க் கிரகத்துக்கு நிகரான செம்மண் தேடி ஜொகூருக்குப் போய்விட்டார். கப்டன் சுப்பன் ஜெனரேட்டரை இறக்கி வைத்துவிட்டு மறுபடி முட்டைக்கோஸ் ஏற்றப் போனார். பெட்டியில் மிச்சமிருந்த மின்சாரம் இரண்டு தடவை சோறு வடிக்கத்தான் வந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய வயரையும், கடலுக்குள் வெறும் வயர் போவது ஆபத்து என்று தோட்டம் ஏற்கனவே கழற்றியிருந்தது. நாங்கள் பாதுகாக்கப்பட்ட முழு இருட்டில் இருந்தோம். கடல் என்ற அறிவிப்பு மட்டும் அப்படியே இருந்தது, ஏனென்றால் அதை ரத்து செய்ய அந்த வாரியம் இப்போது இல்லை.

ருக்குமணி கூட்டம் முடிந்த மறுநாளே கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு ஐந்தாம் லயத்தில் அவள் நாத்தனார் செல்லம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கம்பம் நட்டதும் ஆட்ட ஆரம்பித்தாள். விடுமுறைக் கூட்டத்துக்கு மாவு நேரத்துக்குப் போனது. இப்போது கம்போங் ராஜாவிலிருந்தே அவளிடம் மாவு கேட்டு ஆள் வருகிறார்கள். பெரிய பெண்ணுக்குக் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டோம்.

அவள் கிரைண்டர் சத்தம் மேடேறி எங்கள் லயத்துக்குக் கேட்கும். இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்கும். இயக்கத்தின் செயற்குழு கூடியது. கரையிலிருந்து வரும் இரைச்சல் ஆழ்கடலின் அமைதியைக் குலைப்பதால், ஐந்தாம் லயத்தில் கிரைண்டருக்குத் தடை விதிக்க வேண்டும் என்று ஒரு மனு தயாரித்தோம். எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று முடிவானது. போட வெளிச்சம் இல்லை.

ஆகவே பொழுது சாயும் நேரத்தில் நீலச் சட்டையோடு வரிசையாகக் கீழே இறங்கினோம். வாசலில் பெரிய பல்பு எரிந்துகொண்டிருந்த ஒரே வீடு செல்லம்மா வீடு. அங்கே நின்றோம். ருக்குமணி வெளியே வந்து, மனுவை வாங்கி முழுக்கப் படித்தாள். மடிக்காமல் அர்ஜுனனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நின்னுக்கிட்டே எழுத முடியாதுலா, மேசையப் போடுறேன்" என்று உள்ளே போனாள். மேசையைக் கொண்டுவந்து பல்புக்கு நேராகப் போட்டாள். பிறகு ஆளுக்கு ஒரு தோசை கொண்டுவந்து வைத்தாள், தொட்டுக்கொள்ளச் சட்னியும் வைத்தாள். சூடாக இருந்ததால் முதலில் தோசையைச் சாப்பிட்டோம். கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு, தலைவரில் ஆரம்பித்து ஒருவர் விடாமல் கையெழுத்துப் போட்டோம்.